மூச்சை அடக்கியவன்

சவப்பெட்டிக்குள் இருந்தது கடத்தல் தங்கம். நால்வர் அதைச் சுமக்க, விதவை வேஷம் போட்ட லெயோனாள் மாரடித்து அழுதபடி பின்னால் நடந்தாள். பாலத்தில் சுங்க அதிகாரி சவப்பெட்டிகளைக்கூடத் திறந்து பார்க்கிறார் என்று முன்னால் போனவன் ஓடிவந்து சொன்னான்.

"உள்ள ஒரு பொணம் வேணும்லே," என்றான் தலைவன் இஞ்ஞாசி.

பெட்டி சுமந்த சவரி, லெயோனாளின் புருஷன், முன்வந்தான். "நான் படுக்கேன் அண்ணாச்சி. சங்கு குளிக்கிறவனுக்கு மூச்சடக்கத் தெரியாதா?"

தங்கக் கட்டிகள்மேல் மல்லாந்து கண்ணை மூடினான். இஞ்ஞாசி அவன் கழுத்தில் முழங்காலை ஊன்றினான். மற்றவர்கள் லெயோனாளின் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சங்கு குளிப்பவன் என்பதால் உயிர் போக வெகுநேரம் ஆயிற்று.

பாலத்தில் மூடியைத் திறந்த அதிகாரி தொப்பியைக் கழற்றினார்.

"ஏட்டி, அழு," என்று இஞ்ஞாசி பல்லைக் கடித்தான்.

லெயோனாள் அழவில்லை. குனிந்து, புருஷனின் தோளைப் பிடித்துப் புரட்டினாள்.