மாப்பிள்ளை கட்டிய குட்டி ஃபேன்

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் மீசையை எடுத்துவிடுகிறேன்.

மனைவி எடுத்த குறும்படம் போட்டிக்குப் போய்ச் சேர ஆறு மணிதான் கெடு. கம்ப்யூட்டர் அதைக் கோத்து முடித்துக்கொண்டிருந்தது. அதில் இருந்தது ஃபேனே இல்லாத கிராஃபிக்ஸ் கார்டு. சத்தம் போடாது என்று கணவன் ஆசையாக வாங்கியது, இப்போது இஸ்திரிப் பெட்டியாகக் கொதித்தது.

சூட்டைக் காட்டும் கட்டத்தைத் திரை முழுக்க விரித்தான். தொண்ணூற்றேழு டிகிரி.

“நூறைத் தொட்டா மெஷின் அணைஞ்சிரும். ஒரு வருஷ உழைப்புங்க!”

“ஆற வச்சுட்டாப் போச்சு.”

“வேலையை முடிச்சாத்தான் அது ஆறும்!”

“நான் எதுக்கு இருக்கேன்?”

பெட்டியைத் தரையில் படுக்கவைத்து மூடியைக் கழற்றினான். பழைய கம்ப்யூட்டரின் குட்டி ஃபேனைக் கார்டின் மேல் வைத்து, மனைவியின் ரப்பர் பேண்டுகளால் இறுக்கிக் கட்டினான். தொண்ணூற்றெட்டு. தொண்ணூற்றொன்பது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த மாமியார் கண்ணை மூடிக்கொண்டார்.

குட்டி ஃபேன் சுற்றியது. சூடு எண்பதானது, அறுபதானது, நாற்பதில் வந்து நின்றது.

“பாத்தீங்களா அத்தை? கம்பெனிக்காரனுக்கே தோணாத யோசனை!”

மனைவி அந்தக் கட்டத்தை விலக்கினாள். பின்னால் படம் முழுதாக முடிந்து கிடந்தது. அனுப்பிவிட்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீங்க மட்டும் இல்லேன்னா...”

“மாப்பிள்ளை கைராசிக்காரர்” என்று எழுந்த மாமியார், போகிற போக்கில் சீலிங் ஃபேனை நிறுத்தினார்.

குட்டி ஃபேனும் மெல்ல நின்றது. அதன் ஒயரை யாரும் எதிலும் சொருகியிருக்கவில்லை.