பேக்கரி ஸ்டாப்

"கனகாக்கா, உங்க வீட்டுக்காரர் தினமும் மூணு ஸ்டாப் முன்னாடியே, பேக்கரிகிட்ட இறங்கிடறாராம்" என்றாள் பக்கத்து வீட்டு ஸ்வாதி.

"ஹௌதா? நிஜமாவா?"

கனகாவுக்குச் சுருக்கென்றது. வீட்டில் சர்க்கரை டப்பாவையே ஒழித்துக்கட்டிவிட்டு, மனுஷன் அங்கே இனிக்க இனிக்கத் தேங்காய்ப் பூரணம் வைத்த தில்பசந்த் தின்கிறாரா? கையும் களவுமாகப் பிடித்தே தீருவது என்று அன்று சாயங்காலமே கிளம்பினாள்.

ஹெப்பாளிலிருந்து வந்த கம்பெனி பஸ்ஸிலிருந்து மகேந்திரன் இறங்கினார். பேக்கரி வாசலில் நின்றார். வாசனை பிடித்தார். பிறகு வீட்டைப் பார்த்து நடையைக் கட்டினார். மரத்துக்கு மரம் ஒளிந்தபடி கனகாவும் பின்னாலேயே நடந்தாள்.

'இன்னிக்குத் தப்பிச்சுட்டாரு. நாளைக்கு மாட்டாமயா போவாரு?'

மறுநாளும் அதே கதைதான். ஆட்டோவில் போனால் கண்டுபிடித்துவிடுவார் என்று போகவர நடந்தே உளவு பார்த்தாள். மூன்று மாதம் போனதே தெரியவில்லை.

க்ளினிக்கில் ரிப்போர்ட்டைப் புரட்டிய டாக்டர் கனகாவை நிமிர்ந்து பார்த்தார்.

"உங்க சுகர் நல்லா இறங்கியிருக்கேம்மா! என்ன பண்ணினீங்க?"

"நானா? நான் ஒண்ணும் பண்ணலியே டாக்டர்."

"தினமும் என் பின்னாலயே நடந்தா டாக்டர்" என்றார் மகேந்திரன். "வாக்கிங் வான்னு கூப்பிட்டா முட்டி வலிம்பா. அதான் ஸ்வாதியை விட்டு வத்தி வைக்கச் சொன்னேன்."

கனகாவின் முகம் போன போக்கைப் பார்த்து டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார்.

கனகா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"நாளைக்கும் பின்னாலதான் வருவேன். எனக்கு இன்னும் சந்தேகம் தீரல."