சங்குக்கும் வெடிக்கும் நடுவே

சங்கு ஊதியதும் சலூன்காரர் கத்தியை மச்சானின் தொண்டையிலிருந்து எடுத்துத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டார்.

சுரங்கத்தில் மத்தியான வெடி. சங்குக்கும் வெடிக்கும் நடுவே ஒரு கொட்டாவி விட்டு வாயை மூடுகிற நேரம்தான் இருக்கும். அதற்குள் தெருவில் அவரவர் தம் பொருளைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மளிகைக்காரர் எண்ணெய்ப் புட்டிகளைக் கட்டிக்கொள்வார். கட்டிய மனைவியை அப்படிக் கட்டிக்கொண்டதாக ஊரில் ஒருவரும் சொன்னதில்லை.

சலூனில் கத்தி முதலில், கண்ணாடி அப்புறம். வலது கை ஆகாயத்தில், இடது கை கண்ணாடிச் சட்டத்தில்.

ஆரம்ப காலத்தில் வரிசையை மாற்றிச் செய்ததற்கு மச்சானின் காது மடல் சாட்சி. பெண் கொடுத்த வீடாயிற்றே என்று அவர் பெரிய மனது பண்ணி விட்டுவிட்டார்.

இன்று கொட்டாவி விட்டாயிற்று. வாயை மூடியும் ஆயிற்று. வெடி வரவில்லை.

சலூன்காரர் கையை இறக்கவில்லை. மச்சான் கழுத்தை நிமிர்த்தவில்லை. பாதி முகத்தில் நுரை, மீதியில் முகம். எதிர்க்கடையில் மளிகைக்காரர் கட்டிப்பிடித்தது கட்டிப்பிடித்தபடியே நின்றார். தெருவில் ஈ பறந்தால் இறக்கைச் சத்தம் கேட்கும். ஈயும் எங்கேயோ உட்கார்ந்துதான் இருந்தது.

கொஞ்ச நாளாகவே ஒரு பேச்சு உலவிக்கொண்டிருந்தது. தாது தீர்ந்துவிட்டதாம், சுரங்கத்தை இழுத்து மூடப் போகிறார்களாம். லாரி ஓட்டுகிறவர் டீக்கடையில் சொன்னார். டீக்கடைக்காரர் உலகத்துக்குச் சொன்னார்.

சலூன்காரர் கத்தியைத் தூக்கியபடியே பழைய நாளை எண்ணிப் பார்த்தார்.

சுரங்கம் வருவதற்கு முன்னால் இந்த ஊரில் தாடி வளர்வதே அபூர்வம். வளர்ந்தாலும் வீட்டுக்கு வீடு அவரவரே மழித்துக்கொள்வார்கள். சலூன்காரர் கை மறந்துபோகக் கூடாதே என்று தன் தலையையே மாற்றி மாற்றி வெட்டிக்கொண்டு, கடைசியில் வெட்ட ஒன்றும் மிஞ்சாமல் உட்கார்ந்திருந்தார்.

சுரங்கம் வந்தது. ராத்திரியும் பகலும் ஷிப்ட் வந்தது. எங்கெங்கிருந்தோ தலைகள் வந்தன. ஒவ்வொரு தலையையும் உதறினால் ஒரு தொட்டிச் செடிக்குப் போதுமான மண் விழும். கத்தரிக்கோல் மழுங்கியது, குடும்பம் நிமிர்ந்தது. மச்சானும் சும்மாயில்லை. சுரங்கத்து ஆட்களுக்கென்று சாப்பாட்டுக் கடை போட்டு, யானை ஒன்றை நிறுத்திக் குளிப்பாட்டுகிற அளவுக்கு ஓர் அண்டாவும் வாங்கிவிட்டார்.

கண்ணாடிக்குப் பக்கத்தில் புது நாற்காலி ஒன்று, உறை பிரிக்காமல் மினுமினுத்தது. தொழில் படித்துவிட்டு வந்திருக்கும் மகளுக்காக வாங்கியது. நாளை காலை அவள் முதன்முதலாகக் கத்தரியை எடுக்கிறாள். தலை வராவிட்டால் யாருக்கு எடுப்பாள்? அப்பன் மாதிரி தன் தலையையா?

நாள் தவறாமல் அந்தச் சுரங்கத்தின் தலையில் இடி விழ வேண்டும் என்று சபித்த வாய் அவருடையது. இப்போது அதே வாய், விழுந்து தொலையேன், விழுந்து தொலையேன் என்று முணுமுணுத்தது.

மச்சானின் கண்ணிலிருந்து ஒரு கோடு நுரைக்குள் இறங்கியது. சோப்பு பட்டுவிட்டது என்று அவராகவே சொன்னார். யாரும் கேட்கவில்லை.

அப்போதுதான் வெடியைப் போட்டான்.

தெரு ஒரு முழம் மேலே எழுந்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, மறுபடி உட்கார்ந்தது. பவுடர் டப்பா குதித்தது. கூரையின் காரை பெயர்ந்து மச்சானின் நுரையில் சர்க்கரை தூவியதுபோல் விழுந்தது. கண்ணாடியில் மூலையிலிருந்து கிளம்பியிருந்த விரிசல், கிளை நதி ஒன்று பெற்றுக்கொண்டு இன்னும் கொஞ்ச தூரம் போனது.

தெருவே மொத்தமாக மூச்சு விட்டது. அந்தக் காற்றில் புழுதி வந்த வழியே சுரங்கத்துக்குத் திரும்பிப் போய்விட்டது என்றால் நம்பத்தான் வேண்டும்.

குழிக்குள் ஒரு கழுதை படுத்துக்கொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றதாம். அதன் காலில் விழாத குறையாகக் கெஞ்சி வெளியே அனுப்பத்தான் இவ்வளவு தாமதம். பின்னால் தெரிந்த சேதி.

மளிகைக்காரர் புட்டிகளை விட்டுவிட்டுத் தன் மனைவியைப் பார்த்துச் சிரித்தார். அந்தம்மாள் மிரண்டுபோனாள்.

சலூன்காரர் கையை இறக்கினார். தோள் மரத்துப்போயிருந்தது. முகம் மட்டும் மாப்பிள்ளைக் களை கட்டியிருந்தது. புது நாற்காலியை ஒரு தட்டுத் தட்டினார். அது சுற்றோ சுற்றென்று சுற்றியது.

வெடி அதிர்ச்சியில், மூலையில் சுவரைப் பார்த்துச் சாத்தியிருந்த குச்சி வைத்த அட்டைகள் சரிந்து மல்லாந்து கிடந்தன. அவர் குனிந்து ஒவ்வொன்றாக எடுத்து, மச்சானின் கழுத்துத் துண்டை உருவிப் புழுதி துடைத்தார். சிவப்பு எழுத்துகள் பளிச்சென்று இருந்தன.

எங்கள் வீடுகள் பிளக்கின்றன! சுரங்கத்தை உடனே மூடு!

கீழே, போராட்டக் குழுத் தலைவர் என்று அவர் பெயர். செயலாளர் என்று மச்சான் பெயர்.

"சாயங்காலம் ஊர்வலம் உண்டுல்ல, மாப்ள?"

சலூன்காரர் அட்டைகளைப் பத்திரமாகச் சாத்திவிட்டு, புதிதாக நுரை போட்டு, கத்தியைத் தொண்டையில் வைத்தார்.

"உண்டான்னு கேக்கணுமா? ஷிப்ட் விட்டு வர்றவங்க முடி வெட்டிக்கிட்டு, உங்க கடையில சாப்பிட்டுப் போகட்டும், மச்சான். அப்புறம் கிளம்புவோம்."