முதுகு காட்டி நின்றவர்

எந்தப் படம் பார்த்தாலும் சாகப்போகிறவனை இடைவேளைக்குள் சொல்லிவிடுவார் என் அக்கா கணவர் பாண்டுரங்கன். "ஒடஞ்ச கண்ணாடியில மூஞ்சி தெரியுது பாரு, ஆளு காலி" என்பார்.

என் கணவரின் காரியத்துக்குத் திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வந்தவர், போன மாதம் மயிலத்தில் நடந்த தங்கை கல்யாண வீடியோவைப் போடச் சொன்னார்.

"நிறுத்து! சகல தனியா முதுகக் காட்டிக்கினு நிக்கிறாரு. தலைக்கு மேல சீரியல் லைட்டு அணையுது. எமன் அன்னிக்கே குறி வெச்சிட்டான்!"

கூடமே அழுதது. லாரிக்காரன் தூங்கிப்போய் அவர் மேல் மோதியதற்கு விளக்கு என்ன செய்யும்?

"ஒங்க ரெண்டு பேருக்கும் அப்பா ஒரே மாதிரி சட்டதானே எடுத்தாரு, மாமா? அவரு அப்ப பந்தியில பரிமாறிக்கினு இருந்தாரு. அது நீங்க" என்றேன்.

அக்காவின் அழுகை நின்றது.

"லைட்டு வயரு லூசா இருந்திருக்கும்" என்றார் மாமா, நெற்றியைத் துடைத்துக்கொண்டே.