கட்டிலில் ஒரு ஞானி

"கத்தி படப்போறது தோல்லயும் சதையிலயும்தானே? உள்ள இருக்கிற ஆத்மாவுக்கு என்ன வந்துச்சு?"

ஆஸ்பத்திரிக் கட்டிலில் இரண்டு தலையணைகளை முதுகுக்கு முட்டுக்கொடுத்துச் சாய்ந்தபடி அவர் கேட்டார். எதிரே நின்ற ஜவுளிக்கடைக்காரரும் டீச்சரம்மாவும் உருகிப்போனார்கள். ஞாயிறுதோறும் அவர் வீட்டில் நடக்கும் ஆத்ம விசார வகுப்பில் தவறாமல் உட்காருகிறவர்கள். ஆபரேஷன் என்று காதில் விழுந்ததும் அடித்துப் பிடித்து ஓடி வந்திருந்தார்கள்.

அவர் ஓய்வுபெற்ற தலைமைக் குமாஸ்தா. ஜன்னலோர நாற்காலிக்காகப் பக்கத்து மேஜைக்காரரோடு வருஷக்கணக்கில் பேசாமல் இருந்த மனுஷர், வேலை ஓய்ந்ததும் 'நான் இந்த உடம்பல்ல' என்று கண்டுபிடித்துக்கொண்டார். அந்த உடம்புக்கு ஒரு தலைவலி வந்தால் தெருவே எழுந்துவிடும் என்பது வகுப்புக்காரர்களுக்குத் தெரியாது.

"இன்னும் கொஞ்ச நேரத்துல ஆபரேஷன். முகத்துல ஒரு சலனம் இருக்கா பாருங்க!" என்றார் ஜவுளிக்கடைக்காரர்.

"சலனம் மனசுக்கு. நான் மனசு இல்லையே?" ஆப்பிள் துண்டு ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார்.

நறுக்கிக் கொடுத்தவள் அவர் மனைவி. கட்டிலோர இரும்பு ஸ்டூலில், கழுத்துவரை சால்வையைச் சுற்றிக்கொண்டு ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். கை வளையல்களைக் கழற்றி வைத்திருந்தாள்.

"எனக்குப் பயமா இருக்குங்க."

அவர் முகம் கடுகடுத்தது. "பயப்படறது யாரு? அதை முதல்ல விசாரிச்சுப் பாரு! இத்தனை நாளும் செவிடன் காதுலதான் சங்கு ஊதியிருக்கேன்."

டீச்சரம்மா உச்சுக்கொட்டினாள். "சாரே பாறை மாதிரி இருக்காரு. நீங்க இப்படிக் கையை மூளியா வெச்சுக்கிட்டுக் கண்ணைக் கசக்கினா எப்படி? இந்தாங்க, ஒரு வாய் காபி குடிங்க."

"எனக்கு வேணாம்மா."

"அப்ப இங்க குடுங்க," என்று அவரே வாங்கிக்கொண்டார்.

"விளக்குக்கு அடியிலதான் இருட்டுன்னு சும்மாவா சொன்னாங்க!" ஜவுளிக்கடைக்காரர் அவள் காதில் விழும்படியே முணுமுணுத்தார். அவள் கத்தியைத் துடைத்து மடக்கி வைத்தாள்.

பக்தி முற்றிப்போன டீச்சரம்மா அவர் பாதங்களைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளக் குனிந்தாள். அவர் இன்னும் வசதியாகக் காலை நீட்டிக் கொடுத்தார்.

கதவு திறந்தது. ஊசித் தட்டோடு வந்த நர்ஸ், நீட்டிய காலையும் காபியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கட்டிலை விட்டு இறங்குங்க சார். ஆபரேஷன் அம்மாவுக்கு!"