ஓட்டிப் பார்த்துத்தான் வாங்குவேன்

விமலன் மூன்றாவது முறையாக வண்டியை முன்னுக்கு எடுத்தான். பின்னால் டிரெய்லரும் அதன்மேல் இருந்த படகும் கோணிக்கொண்டு நின்றன. கேமரன் மலையின் திரிங்காப்பில் முட்டைக்கோஸ் ஏற்றிய லோரியை எந்தச் சந்திலும் ரிவர்ஸ் விடுகிறவன், ஏரிக்கரையின் சிமெண்டுச் சரிவில் திணறினான். இடப்பக்கம் ஒடித்தால் டிரெய்லர் வலப்பக்கம் போனது.

அவன் மச்சான் புனிதன் வாய்க்கு வந்தபடியெல்லாம் வழி சொன்னான். அன்றைக்குள் படகை விற்றுத் தள்ளிவிட வேண்டும் என்று இரண்டு பேருக்கும் அவசரம்.

வாங்க வந்த அமிர்தலிங்கம், தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஃபேஸ்புக்கில் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, தண்ணீரில் ஓட்டிப் பார்த்துத்தான் வாங்குவேன் என்று சொல்லி வந்திருந்தார். விலையைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. இவர்களுக்கு அதுவே பெரிய சந்தோஷம்.

பார்த்துப் பார்த்துப் பொறுக்க முடியாமல் கிட்டே வந்தார்.

"ஸ்டியரிங்க கீழ புடி தம்பி. டிரெய்லர் எந்தப் பக்கம் போவணுமோ, கைய அந்தப் பக்கம் தள்ளு. மெதுவா லா."

டிரெய்லர் மாமியார் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளை மாதிரி நேராக இறங்கியது.

தண்ணீரைத் தொடுமுன் நிறுத்தச் சொன்னார். அடியில் இருக்கும் ஓட்டைக்குத் தக்கை போட்டாயிற்றா என்று கேட்டார். அப்படி ஓர் ஓட்டை இருப்பதே விமலனுக்குத் தெரியாது. அவரே முன்சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் தக்கையை எடுத்து, இறுக்கித் திருகினார். படகை டிரெய்லரோடு கட்டியிருந்த பட்டைகளை அவிழ்க்க வைத்தார். டிரெய்லர் தண்ணீருக்குள் போனதும் ஹேண்ட்பிரேக்கை இழுத்து, டயருக்குக் கல் வைக்கச் சொன்னார். படகின் மூக்கில் கட்டிய கயிற்றைப் புனிதன் கையில் கொடுத்தார்.

புனிதன் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று தள்ளினான். மலைக் குளிரில் அவனுக்குப் பல் தந்தியடித்தது.

படகு அலுங்காமல் மிதந்தது. பெரியவர் ஏறி உட்கார்ந்து இழுத்த முதல் இழுப்பிலேயே என்ஜின் உறுமியது. ரொம்ப ராசியான என்ஜின், ஒரு நாளும் மக்கர் பண்ணியதில்லை என்று விமலன் கூசாமல் அளந்துவிட்டான். பெரியவர் தலையாட்டிவிட்டு, கயிற்றை விடச் சொன்னார். புனிதன் விட்டான்.

கைக்கு எட்டாத தூரம் போனதும் அவர் வேகத்தைக் குறைத்துத் திரும்பிப் பார்த்தார்.

"டிரெய்லரையும் எங்க ஷெட்டுலயே கொண்டாந்து விட்டுருங்க லா. இந்தவாட்டி பூட்ட ஒடைக்க வேணாம், தொறந்துதான் இருக்கு."