இடக்கை முடிச்சு

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, தறிக்கூடத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

அந்த மில்லில் தறிகள் ஓடினால் பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. பெண்கள் உதட்டசைவிலேயே ஊர்வம்பெல்லாம் பேசி முடிப்பார்கள். அங்கே நெய்த ஒருத்தியின் அக்கா, தறியை ஓட்டும் பெல்ட்டில் பின்னல் சிக்கிச் செத்துப்போனவள். அக்கா இடக்கைக்காரி. அவள் தறியில்தான் தங்கையின் மகளை வேலைக்கு நிறுத்தினார்கள்.

முதல் நாளே பெண்ணின் கொண்டை அவிழ்ந்து, பெல்ட்டுப் பக்கம் பின்னல் ஆடியது. எதிர்த் தறியில் நின்ற தாய் தொண்டை கிழியக் கத்தினாள். மகள் திரும்பவில்லை. தறிகளைச் சுற்றிக்கொண்டு தாய் ஓடிச் சேர்வதற்குள், கூந்தல் மறுபடி கொண்டையாகியிருந்தது.

சாப்பாட்டு மணி அடித்துத் தறிகள் நின்றதும் கேட்டாள்: "யாருடி கட்டிவிட்டது?"

"பின்னாடி நின்னு யாரோ ஒரு அம்மா கட்டினாங்க. 'கழுதை, முடியை ஏத்திக் கட்டுடி'ன்னு காதுல ஒரே திட்டு. நீதான் அனுப்பினேன்னு நெனச்சேன்."

"இந்தச் சத்தத்துல கேட்டுச்சா?"

"நல்லாக் கேட்டுச்சே!"

தாய் மகளைத் திருப்பிக் கொண்டையைப் பார்த்தாள். தறியில் ஓடும் பாவு நூலால் இறுக்கிக் கட்டியிருந்தது. முடிச்சு இடக்கை முடிச்சு.

அவள் அதை அவிழ்க்கவில்லை.

உங்கள் வீட்டிலிருந்து வேலைக்குப் போகிறவர்கள் எல்லாரும் முழுசாய்த் திரும்பி வரட்டும், என் கண்ணுகளா.